கடித்த நாய் யாருடையது?

என் மனைவிக்கு நாய் என்றால் பயம். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கால்நடை மருத்துவம் படித்து, வெறிநாய்க்கடி நோய்க்கான அரசு ஆய்வுக்கூடத்தில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்து, அதற்கே தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் அவளை ‘நாய் டாக்டர்’ என்றுதான் சொல்வார்கள். முதலில் கிண்டலாகச் சொன்னார்கள். போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது. ஆனால் பக்கத்தில் ஒரு நாய் உறுமினால் அவள் விரல்கள் சில்லிட்டுப்போகும். தெருவில் இது எனக்கும் அவள் அம்மாவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அம்மா இப்போது இல்லை. மிச்சம் நான்தான்.

அவளைக் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். “உங்களுக்கு வாய சும்மா வெக்கவே முடியாதா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்றதுன்னா அப்பாவப் பத்திச் சொல்லுங்க” என்றாள்.

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. அவர் குப்பை வண்டிக்காரர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் ஆட்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். பூட்டன் காலத்தில் ரயில் பாதை போடுவதற்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் நாங்கள். கறுத்த தோல், சுருண்ட முடி. பாதை போட்டு முடித்த பிறகு எங்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ரயில் கொட்டகைக்குப் பின்னால், மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் குடியேறிவிட்டோம். வெளிர் நிறத்தவர்கள் ஊரின் மேட்டுப் பக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் அழுக்குத் துணி, குப்பை, சாக்கடை எல்லாம் எங்கள் கை வழியாகத்தான் போகும். ஆனால் எந்த வீட்டிலும் நாங்கள் வாசல் தாண்டியதில்லை.

மேட்டு வீடுகளில் நாய் வளர்ப்பார்கள். எங்கள் நிறத்து ஆளைக் கண்டால் குரைக்கும்படி குட்டியிலிருந்தே பழக்கிவிடுவார்கள். “எங்க நாய்க்கு ஆள் தெரியும்” என்று விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். என் மாமனார் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லையாம். தெருமுனையில் வண்டி மணி அடித்ததுமே வரிசையாக எல்லா வீட்டு நாயும் குரைக்கும். “பாத்தியா பாப்பா, எனக்கு எவ்வளவு பெரிய பேண்டு வாத்தியம்” என்பாராம் மகளிடம்.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. பள்ளி விடுமுறை. அப்பாவோடு வண்டிக்குப் பின்னால் போவது அவளுக்குப் பிடிக்கும். அன்றைக்கு ஒரு பெரிய வீட்டின் முன்னால் அவர் குனிந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வீட்டு நாய் நாள் தவறாமல் சங்கிலியை அறுத்துக்கொள்வதுபோல் குரைக்கும். அன்று குரைக்கவே இல்லை. திறந்திருந்த கதவு வழியாகத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து வந்தது. சத்தமே இல்லாமல் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது.

அவள் போட்ட அலறலில் வீட்டுக்கார அம்மா வெளியே வந்தார். தோட்டக்காரன் நாயை இழுத்துக்கொண்டு போனான்.

“வீட்டு நாய்தான். ஊசியெல்லாம் போட்டாச்சு. ஒண்ணும் ஆகாது” என்றார் அந்த அம்மா.

“கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா, கழுவிக்கறேன்.”

“குழாய் உள்ள இருக்கு. தெருமுனைல பொதுக்குழாய் இருக்கே, அங்க போய்க் கழுவிக்கோ.”

அவர் நொண்டிக்கொண்டே தெருமுனைவரை வண்டியையும் தள்ளிக்கொண்டு போனார். வண்டியைப் போட்டுவிட்டுப் போனால் வேலை போய்விடும்.

ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்களுக்குப் பின்வாசல். அங்கே கம்பவுண்டர் முதலில் கேட்டது, “யாரு வீட்டு நாய்?” இவர் சொன்னார். கம்பவுண்டர் உள்ளே போய்ப் போன் பண்ணிவிட்டு வந்தார்.

“பெரிய எடத்து நாய்யா அது. ஊசி போட்ட நாய். தெருநாயா இருந்தா உனக்கு ஊசி போட்டிருப்பேன். இதுக்கு எதுக்கு? வீணா நீ கல்லெடுத்து அடிச்சதாச் சொல்றாங்க. இனிமே பாத்து நடந்துக்கோ.”

மருந்து தடவிக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள். வரும் வழியில் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, “பெரிய எடத்து நாய் கடிச்சா வலியும் பெருசாத்தான் இருக்கும்போல” என்று சிரிக்கவைத்திருக்கிறார். புண் ஆறிவிட்டது. எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இரண்டு மாதம் இருக்கும். ஆறிப்போன இடத்தில் குறுகுறுவென்று இருக்கிறது என்றார். மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் என் மாமியார் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுபோய் நீட்டியதும் அவர் தொண்டை இழுத்துக்கொண்டது. கை தானாகத் தம்ளரைத் தட்டிவிட்டது. அவருக்கே ஆச்சரியம். “என்னடி இது, தண்ணியப் பாத்தா பயமா இருக்கு” என்றாராம். ஜன்னல் காற்று பட்டாலும் உடம்பு துள்ளியது. பயத்துக்கு நடுவே சுத்தமாகத் தெளிந்து வருவார். அப்படி ஒரு தெளிவில், “பாப்பாவ வெளிய அனுப்பு. அவ இதப் பாக்க வேண்டாம்” என்றார். அவள் ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், வெளியே தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையில் அவர் இறந்தார்.

நகரசபை அவருடைய வேலையை என் மாமியாருக்குக் கொடுத்தது. அதே வண்டி, அதே மணி, அதே தெரு. முதல் வாரத்திலேயே அந்த வீட்டின் முன்னால் நின்றபோது நாய்க்கூண்டு காலியாக இருந்தது. சமையல்காரியிடம் கேட்டார்.

“அதுவா? அது செத்து ரொம்ப நாளாச்சே. உங்க வீட்டுக்காரரக் கடிச்சுதில்ல, அந்த வாரமே. பின்னாடி மாமரத்துக்கிட்ட பொதைச்சாங்க. ஊசி கீசின்னு ஒண்ணும் போட்ட மாதிரி தெரியலக்கா.”

என் மாமியார் தொட்டியை எடுத்து வண்டியில் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். வேறென்ன செய்ய முடியும்? போலீசுக்குப் போனால் எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. பத்து வருஷம் அந்த வீட்டுக் குப்பையை அவர் அள்ளியிருக்கிறார்.

அந்தக் குப்பையில்தான் என் மனைவி படித்தாள். மேட்டு வீட்டுப் பிள்ளைகள் வருஷம் முடிந்ததும் பாடப் புத்தகங்களைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். அம்மா அவற்றை வண்டியின் முன்பக்கம் தனியாக வைத்துக் கொண்டுவருவார். வெயிலில் காயவைத்து, ஈரத்துணியால் துடைத்தாலும் வாசனை போகாது. “எனக்கு அல்ஜீப்ரான்னா ஆரஞ்சுத்தோல் ஞாபகம்தான் வரும்” என்பாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதற்கு மேல் படிக்க வெளிர் நிறப் பிள்ளைகளோடு மேட்டுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அங்கே அவளுக்கு வைத்த பெயர் ‘மைக்கூடு’. அவள் தொட்ட சாக்குக்கட்டியை வேறு யாரும் தொட மாட்டார்கள். விஞ்ஞான வகுப்பில் நுண்நோக்கியைத் தொட விட மாட்டார் ஆசிரியை. “நீ அங்கிருந்தே பாரு, நான் சொல்றேன்” என்பார். அங்கிருந்து என்ன தெரியும்? படம் பார்த்தே பரீட்சை எழுதி முதல் மதிப்பெண் வாங்கினாள். அந்த ஆசிரியை அவள் விடைத்தாளை இரண்டு தடவை திருத்திப் பார்த்தாராம், எங்கேயாவது தப்பு கிடைக்காதா என்று.

மனித மருத்துவமே படிக்கிற அளவுக்கு மதிப்பெண் இருந்தது. அவள் கால்நடை மருத்துவம் என்றாள். என் மாமியாருக்கு மனசு ஆறவில்லை.

“ஏன், மனுஷங்களுக்கு டாக்டர் ஆனா ஆகாதா?”

“அப்பாவக் கடிச்சது மனுஷன் இல்லையேம்மா.”

“இல்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, அம்மா தன் ரப்பர் பூட்ஸைக் கழுவப் போய்விட்டார்.

கல்லூரி நேர்முகத் தேர்வில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “உங்க ஆளுங்களக் கண்டாலே நாய் குரைக்குமேம்மா. நீ எப்படி வைத்தியம் பாப்பே?”

“குரைக்கிற நாய்க்கும் நோய் வரும் சார்” என்றாள்.

மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். இடம் கிடைத்தது. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எங்கள் குடியிருப்பின் முனையில் என் தையல் கடை. மிஷின் ஒன்று, நான் ஒருவன், ரேடியோ ஒன்று. ஒருநாள் ஒரு பெண் ஒரு வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றாள். படிப்பை முடித்துப் போன யாரிடமோ வாங்கிய பழைய கோட்டு. அதற்குள் அவளைப் போல இரண்டு பேர் நிற்கலாம்.

“இத எனக்கு அளவாக்கித் தர முடியுமா?”

“முடியும். மிச்சத் துணில எனக்கும் ஒண்ணு தெச்சுக்கலாம்” என்றேன்.

சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நாளைக்கே வேண்டும் என்றாள். கோட்டைப் பிரித்துப் புதிதாகவே தைத்துக் கொடுத்தேன். அளவெடுத்தபோது அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பயப்படாதீர்கள் என்று சொன்னதற்கு, “உங்களப் பாத்து இல்ல” என்றாள். மறுநாள் நாயைப் பிடித்து நிறுத்தும் செய்முறைப் பரீட்சை. அதில் அவள் தோற்றுவிட்டாள். நாயின் வாயைத் துணிப்பட்டையால் கட்ட வேண்டும், விரல் மடங்கவில்லை. “உங்க ரத்தத்துலயே இல்லம்மா இது” என்று பரீட்சை வைத்தவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

கோட்டுக்குப் பொத்தான் மாற்ற வந்தபோது கேட்டேன், பரீட்சையில் நடந்ததைச் சொன்னாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் நகரசபையின் நாய்ப்பட்டிக்குப் போவாள் என்று தெரிந்தது. பிடித்துவந்த தெருநாய்களை அடைத்துவைக்கும் இடம். கூண்டுகளுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள், பயம் தெளிகிறவரை. நானும் துணைக்குப் போனேன். எனக்கும் நாய் என்றால் ஆகாது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் வெடவெடவென்று உட்கார்ந்திருப்போம். பட்டிக்காவலர், “ஊருல காதலிக்கறவங்க பூங்காவுக்குப் போவாங்க. உங்களுக்கு வேற எடம் கெடைக்கலயா?” என்றார். அப்போதுதான் எங்களுக்கே அது உறைத்தது. முதல்முதலாக அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பயம் தெளியவில்லை. பயத்தோடு வேலை செய்யக் கற்றுக்கொண்டாள். அடுத்த தடவை தேறினாள்.

மூன்றாம் வருஷம் ஒரு மத்தியானம் நேரே கடைக்கு வந்து, தைத்துவைத்த துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு வகுப்பில் வெறிநோய் பாடம். நோய் கண்ட நாயின் பழக்கம் மாறும், குரைப்பு கம்மும், சத்தமில்லாமல் வந்து கடிக்கும் என்று வாசித்தார்களாம்.

“அன்னைக்கு அது குரைக்கல” என்றாள். “நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். அதுவே சொல்லிடுச்சு. யாருக்கும் படிக்கத் தெரியல.”

“உனக்குப் பதினோரு வயசு” என்றேன்.

“அந்தக் கம்பவுண்டருக்கு எத்தனை வயசு?” என்றாள்.

படிப்பு முடிந்ததும் கல்யாணம் செய்துகொண்டோம். வேலை கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. மேட்டில் இருந்த மருத்துவமனைகளில், “எங்க வாடிக்கையாளருங்க சங்கடப்படுவாங்க” என்று நயமாகச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு மாட்டுப் பண்ணைக்காரர் அவளை வாசலிலேயே நிறுத்தி, டாக்டர் எப்போது வருவார் என்று கேட்டார். நான்தான் டாக்டர் என்றதும், மாட்டுக்கு ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்றார். உள்ளே கன்று போட முடியாமல் மாடு கத்திக்கொண்டிருந்த சத்தம் வாசல்வரை கேட்டதாம்.

கடைசியில் அரசு வேலை ஒன்று கிடைத்தது. யாரும் விரும்பாத வேலை. சந்தேகப்பட்ட நாய்களின் தலைகள் ஐஸ் பெட்டிகளில் ஆய்வுக்கூடத்துக்கு வரும். மண்டையைத் திறந்து, மூளையில் ஒரு துணுக்கு எடுத்து, சாயம் ஏற்றி, இருட்டறையில் நுண்நோக்கியின் கீழ் பார்க்க வேண்டும். நோய் இருந்தால் பச்சைப் பொட்டுகளாக மின்னும். கை தவறினால் தன் உயிருக்கே ஆபத்து. வெளிர் நிறத்து டாக்டர்கள் யாரும் அங்கே நிலைக்கவில்லை. அவள் நிலைத்தாள். பள்ளிக்கூடத்தில் தொட விடாத கருவியின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தால் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பாள். எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தபோது அதைத் தூக்கவே ஒரு வாரம் யோசித்தாள்.

ஆய்வுக்கூடத்தில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் படித்தாள். நாய் கடித்து இறந்தவர்களின் வீடுகளைத் தேடிப் போய் விசாரித்தாள். பெரும்பாலும் எங்கள் ஆட்கள்: வண்டிக்காரர்கள், தபால்காரர்கள், துணி வெளுப்பவர்கள். பலரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இறந்தவர்கள் இல்லை. போய், யார் வீட்டு நாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி, திரும்பி அனுப்பப்பட்டவர்கள். அவள் அதை எழுதினாள். பட்டம் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், கட்டுரையை அலமாரியில் வைத்துவிட்டார்கள். அவள் விடவில்லை. சுகாதாரத் துறையின் மர பெஞ்சுகளில் அவள் உட்கார்ந்த நேரத்தைச் சேர்த்தால் இன்னொரு பட்டமே வாங்கியிருக்கலாம் என்று நான் சொல்வதுண்டு.

அவள் ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான பிறகுதான் அந்த உத்தரவு வந்தது. ‘நாய் கடித்து வருபவருக்கு, நாய் யாருடையது என்று விசாரிக்காமல், உடனே தடுப்பூசி போட வேண்டும்.’ அவ்வளவுதான். அன்று இனிப்பு வாங்கிவைத்துக் காத்திருந்தேன். அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

“ஒரே வரிங்க. இவ்வளவு சின்னது. இத எழுத அவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?” என்றாள். எங்கள் மகள் இனிப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அந்த வருஷம் ஊர்ப் பிரமுகர்கள் சேர்ந்து மேட்டுப் பகுதி மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். என் மாமியாருக்கு அப்போது நல்ல வயது. முதலில் வர மாட்டேன் என்றார். “வண்டி இல்லாம நான் அந்தத் தெருவுக்குப் போனதே இல்ல மாப்ள. கைய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியாது” என்றார். நான் அவருக்கு நீலத்தில் ஓர் உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். அவருக்கு என்று புதுத்துணியில் தைத்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் யாரோ உடுத்தியது. போட்டுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

என் மனைவியை முன்னாலேயே கார் வைத்து அழைத்துப்போய்விட்டார்கள். நானும் மகளும் அத்தையும் வாடகைக் காரில் போனோம். மண்டப வாசலில் இறங்கி, வந்தவர்கள் இரண்டு பேரிடம் கை குலுக்கிவிட்டுத் திரும்பினால் அத்தையைக் காணோம். முன்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலி காலி. மேடையில் இருந்து என் மனைவி அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தில் தேடினேன், கழிப்பறைப் பக்கம் மகளை அனுப்பினேன். பிறகு மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் ஓடினேன். சமையல்கட்டு வாசல்படியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், நீல உடுப்பு கசங்காமல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்.

அங்கே இருந்த காவலாளி எங்கள் நிறத்து ஆள்தான். “முன்னாடி போங்கம்மான்னு எவ்வளவோ சொன்னேங்க. எனக்கு இந்த வாசல்தான் தெரியும்னு உக்காந்துட்டாங்க” என்றான்.

“வாங்கத்தே. உங்க பொண்ணு பேசப் போறா.”

“இங்கயே நல்லாக் கேக்குது மாப்ள. உள்ள வந்தா அழுதுடுவேன். அவளுக்கு அவமானமாப் போயிடும். நீங்க போங்க.”

நான் போகவில்லை. நானும் படியில் உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. கொஞ்சம்தான் பேசினாள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். விழா முடிந்ததும் மாலையை எங்கேயோ கழற்றிப்போட்டுவிட்டுப் பின்பக்கம் வந்து, அம்மாவுக்கு அந்தப் பக்கமாக அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

“முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாமா?” என்றார் அத்தை.

“போலாம்மா.”

அன்றைக்கு அம்மாவைத் தனியாக விட்டதற்காக என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறு வருஷம் அத்தை காலமானார்.

இப்போது அவள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறாள். எங்கள் மகள் வேறு ஊரில் பொறியாளராக இருக்கிறாள். ஆஸ்பத்திரிகளில் பின்வாசல் முறை இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளை யாராவது பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. எல்லாம் மாறிவிட்டது என்று நான் சொல்வேன். அவள் பத்திரிகையைப் பிரித்துக்கொள்வாள்.

போன மாதம் பத்திரிகையில் ஒரு மூலையில் சின்னச் செய்தி வந்தது. தொலைவில் ஒரு சிறு ஊரில் சாக்கடை சுத்தம் செய்பவர் ஒருவர் நாய் கடித்து இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் நாய் யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். யார் வீட்டு நாய் என்று தெரிந்ததும் ஊசி இருப்பில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவள் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தாள். மறுநாள் காலை பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். அந்த ஆஸ்பத்திரி அதிகாரியைப் பார்த்துப் பேசியிருக்கிறாள். விசாரணை வைப்பதாகச் சொன்னாராம். பிறகு இறந்தவருடைய மனைவியைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் திரும்பி வந்தவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டேன், “அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“நீ?”

“நான் என்ன சொல்றது? பக்கத்துல உக்காந்திருந்தேன். வெளிய அவங்க பொண்ணு நின்னுக்கிட்டு இருந்துச்சு. உள்ள வான்னு கூப்பிட்டேன். வரல.”

டீயைக் குடித்து முடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிவைக்க எழுந்து போனாள்.